குறை காணும் கண்ணும் நிறை காணும் கண்ணும்

தவணை முடிவிற் பாடசாலையிலிருந்து தேர்ச்சி அறிக்கை வீடு வந்து சேர்கின்றது. தமிழில் 80 புள்ளி, சமயத்தில் 75, சித்திரத்தில் 90, கணிதத்தில் 32. பெற்றோரின் கண் முதலில் எந்த எண்ணிற் சென்று நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை அவ்வீட்டிற் பேசப்படுவதெல்லாம் அந்த 32 பற்றியே. 90 என்னும் எண்ணை ஒருவரும் வாய்திறந்து குறிப்பிடுவதில்லை. இஃது அன்பின்மையால் விளைவதன்று. பிள்ளையின் எதிர்காலம் பற்றிய அச்சத்தால் விளைவது. ஆயினும் பிள்ளை உணர்ந்துகொள்வது வேறொன்று. தன்னால் இயலாதவற்றையே பெரியோர் எண்ணிப் பார்க்கின்றனர் என்பதே அது.

அவ்வாறாயிற் குறையைக் காணாது விடலாமோ? விடலாகாது. எழுத்தும் எண்ணும் அறியாத பிள்ளை வாழ்க்கையில் இடர்ப்படும். ஆகவே, குறையைத் திருத்துவதா விடுவதா என்பதன்று கேள்வி. திருத்தத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதே கேள்வி.

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1904ஆம் ஆண்டிற் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் புலமைப் பரிசிலுடன் சேர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டார், பரீட்சையில் தவறினார், பரிசிலையும் இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் சித்தியெய்தவில்லை. கல்லூரிகள் விதிப்படியே நடந்தன; அவற்றை நோவது முறையன்று. ஆயினும், அவ்விதிகளில் மாணாக்கனின் குறைகளை எண்ணுவதற்கு இடமிருந்ததேயன்றி, அவனது தனியாற்றலை அளப்பதற்கு இடமிருக்கவில்லை. 1912இல் அவர் சென்னைத் துறைமுகத்திற் கணக்கெழுதும் எழுதுவினைஞராக அமர்ந்தார்.

1913 சனவரியில் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டியின் கைக்குச் சென்றது. அதில் நிறைந்திருந்த தேற்றங்களைக் கண்டு ஹார்டி வியந்தார். 1914இல் இராமானுஜன் அங்குச் சென்றபோது அவரிடமிருந்த குறைகளும் புலப்பட்டன. அக்காலக் கணிதத்தின் பல பகுதிகளை அவர் அறியார். நிறுவல் என்பது யாது என்பதிலும் அவருக்குத் தெளிவு போதவில்லை. முறைப்படி அனைத்தையும் அடியிலிருந்து கற்பிக்க முனைந்தால் அவருடைய ஊக்கமே முறிந்துவிடும் என ஹார்டி அஞ்சினார். அதற்காகக் குறைகளை அப்படியே விட்டுவிடவுமில்லை. வேண்டியவற்றைச் சிறிது சிறிதாகக் கற்பித்தார். தாம் கற்பித்ததிலும் அவரிடமிருந்து தாம் கற்றதே மிகுதி எனவும் பின்னாளிற் கூறினார். 1916இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இராமானுஜனின் ஆராய்ச்சிக்காகப் பட்டம் வழங்கியது. 1918இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தெரிவு செய்தது.

இராமானுஜன் ஓர் அரும்பிறவி. எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறாவரோ எனச் சிலர் வினவலாம். ஆகமாட்டார்கள். ஆனால் ஹார்டி கைக்கொண்ட முறை எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்.

கரையோரக் கிராமமொன்றில் வாசிப்பிற் பின்தங்கிய சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்க. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்னும் காற்றுக்களை அவன் பெயர் சொல்லி அறிவான். எக்காலத்தில் என்ன மீன் படும், எப்பொழுது தோணி இறக்கலாகாது என்பதையெல்லாம் தந்தையிடம் கேட்டுத் தெரிந்திருப்பான். பாடநூல் இவற்றை அவனிடம் கேட்பதில்லை. ஆதலால் வகுப்பில் அவன் மந்தன் எனப் பெயர் பெறுகின்றான். ஆசிரியர் அக்காற்றுக்களின் பெயர்களையே கரும்பலகையில் எழுதி வாசிக்கச் செய்யலாம். கடலைப் பற்றி அவன் வாயாற் சொல்வதை இரண்டு மூன்று வசனங்களாக எழுதிக் கொடுக்கலாம். தானறிந்த சொற்களாதலால் எழுத்துக்கள் விரைவிற் கண்ணுக்குப் பழகும். அங்கிருந்து அறியாத சொற்களுக்கு அழைத்துச் செல்வது எளிது. மீனின் நிறை, விலை, தொழிலாளர் பங்கு ஆகியவற்றைக் கொண்டு கணிதமும் கற்பிக்கலாம். அவ்வாறே, கோலம் போடுவதில் வல்ல சிறுமிக்குப் புள்ளிகளின் வரிசையிலிருந்து பெருக்கலையும், கோலத்தின் அமைப்பிலிருந்து சமச்சீரையும் விளக்கலாம். ஆற்றல் வாயிலாகின்றது, குறை அவ்வாயிலினூடே நுழைந்து தீர்க்கப்படுகின்றது.

பாராட்டுவதிலும் நிதானம் வேண்டும். அமெரிக்க உளவியலாளரான மியூலர், டுவெக் ஆகிய இருவரும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புதிர்களை விடுவித்த பிள்ளைகளிற் சிலரை அறிவுடையோர் என்றும், வேறு சிலரை நன்கு முயன்றோர் என்றும் அவர்கள் புகழ்ந்தனர். பின்னர்க் கடினமான புதிர்களில் இடறியபோது, அறிவுக்காகப் புகழப்பட்டோர் ஊக்கமிழந்தனர்; முயற்சிக்காகப் புகழப்பட்டோர் தளராது முயன்றனர். ஆகவே, 'நீ பிறவியிலேயே கெட்டிக்காரன்' என்பதிலும், 'இப்படத்தை மூன்று முறை அழித்துத் திருத்தியிருக்கின்றாய்' என்பது பயனுள்ள பாராட்டு. 'இவன் சித்திரக்காரன், இவனுக்குக் கணக்கு வராது' எனப் பெயர் சூட்டுவதோ பிள்ளையைப் பொன்விலங்கிற் பூட்டுவதாகும்.

தேர்ச்சி அறிக்கையிற் குறிப்புரை எழுதும் ஆசிரியர், 'கவனம் போதாது' என்று எழுதுமுன் அப்பிள்ளையால் இயன்றதொன்றை ஒரு வரியில் எழுதுவாராக. எழுத ஒன்றும் தோன்றாவிடின், அப்பிள்ளையை இன்னும் தாம் அறிந்துகொள்ளவில்லை என உணர்வாராக. பெற்றோரும் அவ்வரியை முதலிற் படிப்பாராக. குறையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லக் கூசும், மறைக்கப் பழகும். தன்னால் இயல்வதை அறிந்த பிள்ளையோ இயலாததையும் கூசாது சொல்லி உதவி கேட்கும். உதவி கேட்கும் பிள்ளைக்கே கற்பிக்க முடியும்.