பொருள் விளங்காத மறைக்கல்வி வேண்டா!

(அனுமந்தன்பட்டியில் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



அனுமனின் பெயரைத் தாங்கிய இவ்வூரில் தூய ஆவியார் திருக்கோவிலும் நிற்கின்றது. இரு சமயத்தாரும் ஒரே ஆற்று நீரைப் பருகி, ஒரே தமிழைப் பேசி வாழ்கின்றீர்கள். ஆகலின், சமயம் வேண்டுமா வேண்டாவா என்று வழக்காட நான் வரவில்லை. ஐந்து, ஆறு அகவைப் பிள்ளைக்கு இறைவனைப் பற்றிக் கற்பிக்கின்றீர்களே, அஃது எந்த மொழியில் அப்பிள்ளையின் உள்ளத்துள் இறங்குகின்றது என்று கேட்கவே வந்துள்ளேன்.

இங்குள்ள முதியோர் சிலர்க்கு நினைவிருக்கும். அவர்களின் இளமையில் சிலுவை அடையாளம் இடும்போது ‘பிதா, சுதன், இசுபிரீத்து சாந்து’ என்று சொன்னார்கள். முதலிரண்டும் வடசொற்கள், மூன்றாவது போர்த்துகேயம். எந்தப் பிள்ளைக்கு அதன் பொருள் தெரிந்திருக்கும்? இன்று ‘தந்தை, மகன், தூய ஆவியார்’ என்கின்றோம். தந்தை என்றவுடன் பிள்ளைக்குத் தன் அப்பனின் முகம் தோன்றுகின்றது. மகன் என்றவுடன் அவனுக்குத் தானே தோன்றுகின்றான். ஒரு சொல் மாறியதால் ஒரு பிள்ளையின் உள்ளம் திறந்துகொண்டது. இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளலாமா?

வரலாற்றைப் பாருங்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவரைக் கூட்டினார். தமிழறியாத அவர், பிறர் துணையால் பெயர்த்த மன்றாட்டுகளை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். ‘நம்புகின்றேன்’ என்று நிற்க வேண்டிய இடத்தில் ‘வேண்டும்’ என்ற சொல் நின்றிருந்தது பின்னரே அவர்க்குத் தெரிந்தது. அதனைத் திருத்துமாறு தம் உடன்தொண்டர் மான்சிலாசுக்கு 1544-இல் மடல் எழுதினார். நம்பிக்கையைச் சொல்லுவதாக எண்ணிக்கொண்டு வேறொன்றைச் சொல்லி வந்தனர் அச்சிறுவர்! பிழையை ஒப்புக்கொண்ட அவரின் நேர்மையைப் போற்றுவோம். அப்பிழை தரும் பாடத்தையும் மறவாதிருப்போம்.

அவர்க்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’, சிறுவர்க்குக் கற்பிக்கவென்று போர்த்துகேயத்தில் வினாவிடையாக எழுதப்பட்ட நூலின் தமிழாக்கமே. தமிழ் அச்சின் தொட்டிலிலேயே மறைக்கல்வி கிடந்தது என்க! ஆயினும் திருப்பலியின் இலத்தீன் விலகித் தமிழ் ஏறுவதற்கு, 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பேரவை வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்பின் ‘ஞானோபதேசம்’ மறைக்கல்வி ஆயிற்று. ‘ஞானசுநானம்’ திருமுழுக்கு ஆயிற்று. 1995-இல் திருவிவிலியம் வெளிவந்தது.

“பிள்ளை இப்போது மனப்பாடம் செய்யட்டும், வளர்ந்தபின் பொருள் விளங்கும்” என்பார் உளர். விளங்காததை விளங்கியதுபோல் ஒப்பிக்கும் பழக்கமே அப்பிள்ளைக்கு முதலில் படிகின்றது. அம்மா பேசும் மொழி அடுக்களைக்கு. ஆண்டவனுக்கோ வேறு மொழி என்னும் தாழ்வெண்ணம் அதன்பின் படிகின்றது. கோவிலில் வடமொழி வழிபாட்டைக் கேட்டு வாய்பொத்தி நிற்கும் பிள்ளைக்கும் இதுவே நேர்கின்றது. அரபு ஓதும் பிள்ளைக்கும் பொருளைத் தமிழில்தானே விளக்கியாக வேண்டும்? இன்று மழலையர் பள்ளிகளில் ஆங்கில மன்றாட்டு நுழைந்துவிட்டது. இலத்தீனை வெளியேற்றிய வாயில் வழியாக ஆங்கிலத்தை அழைத்து வரலாமா?

நம்மவர்க்கும் ஒன்று சொல்வேன். தமிழ்ச்சொல் என்பதனாலேயே அது பிள்ளைக்கு விளங்கிவிடாது. முழுக்கு என்பதைப் பிள்ளை அறியும். ஆகவே திருமுழுக்கு விளங்கும். ‘மீட்பு’ என்பதையோ கதை சொல்லித்தான் விளக்க வேண்டும். அகரமுதலியைப் பிள்ளையின் தலைமேல் ஏற்றுவது தமிழ்ப்பணி ஆகாது.

இவ்வட்டாரத்து ஆசிரியர்க்கு எளிய வழியொன்று உண்டு. இயேசு தம்மைக் கொடிமுந்திரிக் கொடிக்கும் அடியாரைக் கிளைகட்கும் ஒப்பிட்டார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பிள்ளைகளைத் தோட்டத்துப் பந்தலின்கீழ் அழைத்துச் சென்று, வெட்டுண்ட கிளை வாடுவதைக் காட்டுங்கள். பிற நாட்டுப் பிள்ளை படத்தில் பார்ப்பதை நம் பிள்ளை கையால் தொட்டு அறிவான்.

இதனைப் பொதுப்பள்ளிக்குள் புகுத்துமாறு நான் கேட்கவில்லை. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப்பாடம் கூடாது என்கின்றது அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு. அரசுதவி பெறும் பள்ளியிலும் பெற்றோரின் இசைவின்றிச் சிறுவரை அதில் சேர்த்தல் ஆகாது. எனவே பொறுப்பு வீட்டினுடையது, வழிபாட்டிடத்தினுடையது.

இன்றிரவு உங்கள் பிள்ளை மன்றாடி முடித்தபின் ஒரே ஒரு சொல்லைச் சுட்டி, “இதற்கு என்ன பொருள், கண்ணே?” என்று கேளுங்கள். விடை வாராவிடின் பிள்ளையைக் கடியாதீர்கள். குற்றம் பிள்ளையுடையது அன்று, கற்பித்த நம்முடையது. அச்சொல்லைத் தாய்மொழியில் விளக்கிவிட்டு உறங்க விடுங்கள். அதுவே மறைக்கல்வி; அதுவே தமிழ்க்கல்வி.