விரிப்பும் வீட்டு நலமும்



விருந்தினர் வந்ததும் பாயை எடுத்து விரிப்பது நம் முன்னோர் வழக்கம். அவர் விடைபெற்றபின் அப்பாயை உதறிச் சுருட்டி மூலையில் நிறுத்துவது அவ்வழக்கத்தின் மறுபாதி. இன்று திருவனந்தபுரத்து இல்லங்கள் பலவற்றில், ஓர் ஓணத்திற்கு விரித்த விரிப்பு மறு ஓணம் வரையில் இடம்விட்டு அசைவதில்லை. விரிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு சுருட்டுவதைக் கைவிட்டதனால் குடும்ப நலத்துக்கு நேரும் கேடு யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

ஆங்கிலச் சுகாதாரக் குறிப்புகளைத் தமிழாக்குங்கால் 'கார்ப்பெட்' என்னும் சொல் வந்தாலே எழுதுகோல் சற்று நின்றுவிடுகிறது. குளிர்நாடுகளில் அச்சொல் பெரும்பாலும் தரையோடு பொருத்தப்பட்டுச் சுவருக்குச் சுவர் பரந்து கிடக்கும் கம்பளத்தைக் குறிக்கும். நம்மிடமோ பத்தமடைக் கோரைப்பாய் உண்டு. கொல்லம் வட்டாரத்துத் தாழம்பாய் உண்டு. பவானி ஜமக்காளம் உண்டு. 1859-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் தொழிற்சாலை நிறுவிய காலந்தொட்டுப் பெருகிவந்த தென்னைநார் விரிப்புகளும் உண்டு. இவை ஒவ்வொன்றும் தூசியை ஏற்கும் விதம் வேறு. ஆகவே துப்புரவு செய்யும் முறையும் வேறு. குளிர்நாட்டு அறிவுரையை அப்படியே பெயர்த்தெடுத்தால் நம் வீட்டுக்குப் பொருந்தாது.

தூசி என்பது வெறும் மண்ணன்று. தெருப்புழுதி, நூலிழை, நம் உடலினின்று உதிரும் தோல் துகள் ஆகிய யாவும் அதில் கலந்துள்ளன. அத்தோல் துகளை உண்டு வாழ்வது தூசிச் சிற்றுண்ணி என்னும் நுண்ணுயிர். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அது நம்மைக் கடிப்பதில்லை. ஆயினும் அதன் கழிவில் அடங்கிய புரதம், ஒவ்வாமை இயல்புடையோருக்குத் தும்மல், கண்ணரிப்பு, மூச்சிரைப்பு முதலியவற்றை உண்டாக்குகிறது. வீட்டுத் தூசியின் தீமைக்கு இவ்வுயிரே முதன்மைக் காரணம் என்பதை 1960-களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வோர்ஹோர்ஸ்டும் அவர்தம் துணைவரும் எடுத்துக்காட்டினர்.

இச்சிற்றுண்ணி நீர் பருகுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலில் ஈர்த்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பின் அது வற்றி மடியும். இடவப்பாதி மழையும் துலாவர்ஷமும் பெய்யும் நம் கடலோர நகரத்தில் அவ்வறட்சியை எங்கே காண்பது? ஆகையால் குளிர்நாட்டாரினும் நாமே இதில் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

கம்பளம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறதே, அது நன்மையன்றோ எனச் சிலர் வினவுவர். பிடித்து வைப்பது மெய்யே. ஆனால் காலியாக்கப்படாத களஞ்சியம் ஒருநாள் வழிந்தே தீரும். குழந்தை அதன்மேல் ஓடியாடும்போது தூசி மேலெழுகிறது. தரைக்கு மிக அருகில் மூச்சு விடுவதும், விரலை வாயிலிடுவதும் தவழும் குழந்தையே அன்றோ?

நள்ளிரவில் குழந்தை மூச்சிரைத்து எழுந்து உட்காருகிறது. மறுநாள் வீட்டில் தயிர் நிறுத்தப்படுகிறது, வாழைப்பழம் விலக்கப்படுகிறது, குளிர்நீர் தடுக்கப்படுகிறது. கட்டிலருகே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் கம்பளத்தையோ, வெயில் காணாத தலையணையையோ எவரும் ஐயுறுவதில்லை. தின்பதற்கு ஒன்றுமின்றிக் குழந்தை மெலிகிறது, இரைப்போ நின்றபாடில்லை.

இனிச் செய்யத்தக்கவற்றைக் காண்போம். முதலாவது, புழுதியை வாயிலிலேயே நிறுத்துதல். பழைய கேரள வீடுகளில் பூமுகத்தில் கிண்டியில் நீர் வைத்திருப்பர்; கால் கழுவியன்றி எவரும் உட்புகார். அவ்வழக்கத்தைப் புதுப்பிப்பதற்குச் செலவேதுமில்லை.

இரண்டாவது, வாரம் ஒருமுறையேனும் விரிப்பை எடுத்தல். தென்னைநார் விரிப்பின் இழைகள் பருமனாதலால் நுண்மணல் அவற்றினூடே கீழிறங்கித் தரையில் தங்கிவிடும். மேலே பெருக்கினால் மட்டும் போதாது. அதைத் தூக்கிக் கீழேயும் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

மூன்றாவது, வெயில். கம்பளத்தை நேர்வெயிலில் சில மணி நேரம் இட்டால் அதிலுள்ள சிற்றுண்ணிகள் மடிகின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்டனர். ஆனால் உண்ணி மடிந்தாலும் அதன் கழிவு எஞ்சியிருக்கும். ஆகவே வெயிலில் இட்டபின் வீட்டுக்கு வெளியே நன்றாகத் தட்டி உதறுதல் வேண்டும். சாயம் போகாத பருத்தி விரிப்பையும் படுக்கை உறையையும் 60 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் துவைத்தால் இரண்டும் ஒருங்கே நீங்கும்.

நான்காவது, மழைக்காலத்தில் கனத்த கம்பளத்தை நன்கு உலர்த்திச் சுருட்டி வைத்துவிடுவதே அறிவுடைமை. நனைந்த விரிப்பு 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிடில் பூஞ்சை பிடிக்கும். அதுவும் மூச்சுக்குப் பகையே.

தூசி உறிஞ்சும் பொறி வைத்திருப்போர் ஒன்றை நினைவிற் கொள்க. 1901-இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் பூத் இப்பொறிக்கு வழிகாட்டினார். அது மேற்தூசியை எடுக்கும். இழையைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள உண்ணியை எளிதில் பெயர்க்காது. நுண்வடிகட்டி இல்லாத பொறியோ, உறிஞ்சிய நுண்தூசியில் ஒரு பகுதியைத் திரும்பவும் அறையிலேயே விடும்.

மற்றொன்று. விரிப்பைத் தட்டுபவர் பெரும்பாலும் இல்லத்தரசி அல்லது வேலைக்கு வரும் பெண்மணி. நம் நலத்துக்காக அத்தூசியை அவர் ஏற்கிறார். அவருக்கு முகக்கவசம் கொடுப்பது நம் கடமை. குழந்தையும் இரைப்பு உள்ளவரும் அவ்வேளையில் அப்பால் இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. துப்புரவே மருந்தாகிவிடாது. உண்ணியைக் குறைக்கும் முயற்சிகளால் மட்டும் ஆஸ்துமா தணியும் என்பதை ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. மருத்துவர் கொடுத்த உறிஞ்சு மருந்தை, பழகிவிடுமோ என்றஞ்சி நாமாகவே நிறுத்துதல் பேராபத்து. மருந்து தன் வேலையைச் செய்யட்டும். நாம் நம் வேலையைச் செய்வோம்.

இன்று இரவு உறங்குமுன் உங்கள் கூடத்து விரிப்பின் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் காண்பது உங்களுக்கு மனநிறைவு அளிக்கவில்லையேல், நாளைக் காலை வெயிலை வீணாக்காதீர்கள்.