குருதிக்கொடைக்கு ஒரு மாணவர் அணி
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஓர் உயிரை வாழவைப்பதன் மதிப்பை அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அந்த நன்மையில் நம் ஊர் மாணவர்கள் பங்குபெறும் வழி ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

பழவேற்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பிரசவத்தில் உதிரப்போக்கு மிகுந்தாலும், சாலை விபத்து நேர்ந்தாலும், பெரிய அறுவை சிகிச்சை என்றாலும் நாம் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைகளை நாடுகிறோம். அங்கே இரத்தம் தேவை என்றதும் உறவினர் ஆளுக்கொரு திசையில் ஆள் தேடுகின்றனர். இரவில் வலைக்குச் சென்றவர்கள் கரை திரும்பும்வரை காத்திருக்க நோயாளியால் இயலுமா? இரத்தம் முன்கூட்டியே இரத்த வங்கியில் இருக்கவேண்டும். அதற்கு, கேளாமலே கொடுப்பவர்கள் வேண்டும்.

இரத்தம் விலைக்கு விற்கப்பட்ட காலமும் நம் நாட்டில் இருந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அவருடைய ஆசிரியை சுனிதி சாலமனும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். காசுக்காக நோயை மறைத்துக் கொடுப்பவரின் இரத்தம் எத்தகைய ஆபத்து என்பது அதன்பின் எல்லோருக்கும் விளங்கியது. உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4இல் வழங்கிய தீர்ப்பின்படி, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு இரத்தம் கொடுக்கும் முறை தடைசெய்யப்பட்டது. மார்க்கமும் இரத்தத்தை விற்பதை அனுமதிப்பதில்லை. ஆக, சட்டமும் ஷரீஅத்தும் நமக்குக் காட்டுவது கொடை எனும் வழியையே.

மாணவர்களை ஏன் அழைக்கிறோம்? 18 வயது நிறைந்தவர் 65 வயதுவரை கொடுக்கலாம். இன்று தொடங்கும் பிள்ளை இன்னும் பல்லாண்டுகள் கொடையாளராக இருப்பார். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம் ஆகியவை இப்பணிக்கு வாசல் திறந்து வைத்திருக்கின்றன. பொன்னேரி அரசு கலைக் கல்லூரிக்கும் சென்னைக் கல்லூரிகளுக்கும் செல்லும் நம் பிள்ளைகள் அவ்வாசலில் நுழையவேண்டும்.

பெற்றோரின் அச்சம் நாம் அறியாததன்று. “வளரும் பிள்ளை மெலிந்துவிடுமே” என்பர். ஒருமுறை எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லி மட்டுமே. குறைந்த நீர்ச்சத்து ஓரிரு நாளிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் ஈடாகிவிடும். எடை 45 கிலோவும், ஹீமோகுளோபின் 12.5 கிராமும் இருந்தாலன்றி மருத்துவரே எடுக்கமாட்டார். இரத்தசோகையால் திருப்பி அனுப்பப்படும் மாணவிக்கும் இதில் நன்மையுண்டு. அறியாதிருந்த குறை தெரிந்து, சிகிச்சைக்கு வழி பிறக்கிறது. இதை யாரும் இழிவாகக் கருதலாகாது.

பிள்ளைகளுக்குச் சில சொல்வோம். காலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் வயிற்றோடு ஓடி, அந்நிலையிலேயே இரத்தம் கொடுக்காதீர்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு எதையும் மறைக்காமல் விடையளியுங்கள். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமிகள், மலேரியா, மேகநோய் ஆகியவற்றுக்குச் சோதனை உண்டெனினும், புதிதாகத் தொற்றிய கிருமி சில நாள் சோதனைக்குச் சிக்காமல் இருக்கக்கூடும். அங்கே உங்கள் வாய்மையே நோயாளிக்குக் காவல். ரமளானில் இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் முடிவு. ஆயினும் பசித்த உடலிலிருந்து எடுப்பது மருத்துவ முறையன்று. இரவில் உண்டபின் கொடுக்கலாம்.

இனி, செய்யவேண்டியது யாது? ஆண்டுக்கொரு முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு கடமை முடிந்துவிடாது. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள்வரையே வைத்திருக்க இயலும். டெங்குக் காய்ச்சலில் சிலருக்குத் தேவைப்படும் தட்டணுக்கள் 5 நாளே தாங்கும். ஒரே நாளில் நூறுபேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் ஓய்ந்திருந்தால், அடுத்த பருவத்து நோயாளிக்கு என்ன மிஞ்சும்?

இதற்கான வழியை நம் ஏரியே கற்றுத் தந்திருக்கிறது. இன்ன நாளில் இன்னார் வலையிடுவது என்று முறைவைத்து, சண்டையின்றி வாழ்வைப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கம் நம் முன்னோர் வகுத்தது. குருதிக்கொடைக்கும் ஒரு பாடு வகுப்போம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். நாம் கேட்பது ஆண்டுக்கு இருமுறையே. 48 மாணவர்கள் சேர்ந்தால் மாதந்தோறும் 8 பேருக்கு முறை வரும். பெயர், இரத்தப் பிரிவு, தொலைபேசி எண், கடைசியாகக் கொடுத்த நாள் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடு ஒன்றை ஜமாஅத் அலுவலகத்தில் வைத்து, கல்வியாண்டின் தொடக்கத்தில் அதைப் புதுப்பிப்போம். படிப்பு முடிந்து வெளியூர் செல்பவர், தம் இடத்துக்கு ஒரு தம்பியையோ தங்கையையோ சேர்த்துவிட்டுச் செல்லட்டும்.

நாம் கொடுக்கும் இரத்தம் யாருக்குச் சேரும் என்று நமக்குத் தெரியாது. குப்பத்து அண்ணனுக்கோ, முன்பின் அறியாத ஒரு தாய்க்கோ சேரலாம். பெறுபவரும் கொடுத்தவரை அறியமாட்டார், அல்லாஹ் அறிவான். அது போதும்.

தொழுகை முடிந்ததும் பதிவேடு இங்கே திறந்திருக்கும். பெற்றோர்கள் தம் பிள்ளைகளின் கரம்பற்றி அழைத்து வருவார்களாக. வல்ல அல்லாஹ் நம் எண்ணத்தை நிறைவேற்றி, நம் ஊர் மக்கள் அனைவருக்கும் நல்ல உடல்நலத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.