முன்னே செல்பவரைப் பின்தொடரும் வழிகாட்டி நாய்

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் 'சீயிங் ஐ' நிறுவனம் அமெரிக்காவில் 1929-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய நாய்கள் கற்கும் திறன்களில் ஒன்று, முன்னே செல்பவரைப் பின்தொடர்வது. உணவகத்தில் பணியாளர் மேசைக்கு அழைத்துச் செல்லும்போது இது கைகொடுக்கும்.

பயிற்சியின் தொடக்கத்தில், நாய்க்குப் பழகிய ஒருவர் சில அடி முன்னே நடப்பார். 'பின்தொடர்' என்று கட்டளை தரப்படும். முன்னே நடப்பவர் திரும்பும் இடத்தில் நாயும் திரும்பினால் உடனே பாராட்டும் தின்பண்டமும் கிடைக்கும். பிறகு புதியவர்கள் முன்னே நடப்பார்கள், இடைவெளி கூடும், கூட்டமான கடைகளிலும் பயிற்சி நடக்கும்.

பின்தொடரும்போதும் நாற்காலி, படி, தாழ்ந்த கிளை ஆகியவற்றில் இடிபடாமல் உரிமையாளரைக் காப்பதே நாயின் முதல் கடமை. முன்னே நடப்பவர் நாயைக் கூப்பிடவோ தொடவோ கூடாது. திரும்பும் பக்கத்தை உரிமையாளரிடம் சொன்னால் போதும்.