தகட்டின் மேல் வளரும் படிகம்
(சொற்பொழிவின் சுருக்கம்)



இங்கு கூடியிருப்பவர்களில் மில் தொழிலாளிகளும், விசைத்தறிக்காரர்களும், பட்டறைக்காரர்களும், குடியானவர்களும் இருக்கிறபடியால், உங்கள் எல்லோருக்கும் பொதுவான மின்சாரத்தைப் பற்றியே பேசலாமென்று வந்தோம். 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுத்த பிறகுதான் கோவையில் மில்கள் மளமளவென்று பெருகின. வரும் வழியிலேயே கம்பியைச் சூடாக்கி அதில் ஒரு பங்கு வீணாய்ப் போகிறது. கம்பியைத் தாங்கும் கோபுரமோ குடியானவன் தோட்டத்தில் வந்து நிற்கிறது. 2018இல் நம் கொங்கு ஜில்லாக்களில் நடந்த கிளர்ச்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தடையே இல்லாமல் மின்சாரம் ஓடக்கூடும் என்று 1911இல் ஹாலந்து தேசத்துக் காமர்லிங் ஓனஸ் என்பவர் பாதரசத்தில் கண்டார். ஆனால் அதை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டியிருந்தது. 1987இல் இட்ரியம், பேரியம், தாமிரம் ஆகியவை ஆக்ஸிஜனோடு சேர்ந்த ஒரு கறுப்புப் பீங்கான், மைனஸ் 181 டிகிரியிலேயே அப்படி ஆகிவிடுகிறதென்று அமெரிக்காவில் கண்டார்கள். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே இதற்குப் போதும்.

சரி, பீங்கானைக் கம்பியாக இழுக்க முடியுமா? இழுத்தால் நொறுங்கும். அதைவிடப் பெரிய சங்கடம், அது கோடிக்கணக்கான பொடிப் படிகங்களால் ஆனது. பக்கத்துப் பக்கத்துப் படிகங்கள் 10 டிகிரி கோணி நின்றாலே மின்னோட்டம் பல மடங்கு குறைந்துபோகிறது. பாவு கோணினால் துணி என்ன கதியாகும் என்பதைத் தறிக்காரர்களுக்கு நாமா சொல்ல வேண்டும்!

இதற்கு வழி கண்ட இடம் அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம், வருஷம் 1996. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அமித் கோயலும், சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்ற மாரியப்பன் பரந்தாமனும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் பீங்கானோடு மல்லுக்கட்டவில்லை. அடியிலுள்ள உலோகத்தைத் திருத்தினார்கள். நிக்கல் தகட்டை உருளைகளுக்கிடையே திரும்பத் திரும்ப விட்டு, இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான கனத்துக்கு நசுக்கினார்கள். பிறகு ஆக்ஸிஜன் படாமல் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடேற்றினார்கள். நசுங்கிக் கிடந்த உலோகத்தில் புதுப் படிகங்கள் முளைத்து, ஏறக்குறைய எல்லாம் ஒரே திசை பார்த்து நின்றன. எந்த விசுவகர்மாவும் வந்து அணுவை அணுவாக அடுக்கவில்லை. நசுக்கலும் சூடுமே அதைச் செய்தன. ஆயுத பூஜையன்று இதே மாதிரி உருளைகளுக்குத்தான் நம்மவர்கள் பொட்டு வைத்துத் தேங்காய் உடைக்கிறார்கள். அதற்குள் போய்வரும் தகட்டில் என்ன நடக்கிறதென்று கேட்டவர் எத்தனை பேர்?

நிக்கலின் மேல் நேராகப் பீங்கானை ஏற்றினால் நிக்கல் அதில் கலந்து கெடுத்துவிடும். ஆகவே இட்ரியம், சிர்க்கோனியம், சீரியம் இவற்றின் ஆக்ஸைடுகளை நடுவில் மெல்லிய அடுக்குகளாகப் படியவிடுகிறார்கள். கீழ் அணுவரிசையைப் பார்த்தே மேல் வரிசை வளர்கிறது. கடைசியாக வரும் பீங்கான் ஒரு மைக்ரான் கனமே. தலைமயிரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. தகட்டோடு சேர்ந்து அது நாடாபோல வளைகிறது.

கோபுரங்களெல்லாம் நாளைக்கே மறையும் என்று சொல்லி உங்களை ஏய்க்க நாம் வரவில்லை. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்தில் 2014இல் பூமிக்கடியில் ஓடவிட்டதே ஒரு கிலோமீட்டர்தான். அதுவும் பிஸ்மத் கலந்த வேறு பீங்கான். குளிரவைக்கும் செலவு ஒரு புறம் இருக்க, நாடா நெடுக ஒரே ஒழுங்கு வேண்டும். ஓரிடத்தில் அடுக்கு பிசகினாலும் முழு நாடாவும் அந்த இடம் தாங்குகிற அளவுக்குமேல் தாங்காது. விலை இன்னும் இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.