வேலை முடிந்தபின் ஒரு புத்தகம்

டத்தோ கிராமாட் சாலை வழியே பட்டணத்துக்குள் வந்து, துறைமுகம் வரை போகிறவர்கள் நம்மில் பலர். அந்தத் துறைமுகத்துக்கு அப்பால், மலாக்கா நீரிணையின் மறுகரையில் சுமத்திராவின் மேடான் நகரம் இருக்கிறது. பிழைப்புத் தேடி அங்கே போன ஒரு தமிழரைப் பற்றி இன்று பேசுவோம்.

அவர் பெயர் ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் மேடானுக்குப் போய் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நம் முன்னோர் கப்பலேறி வந்தது போலத்தான் அவரும் வந்தார். ஆனால் வேலை முடிந்தபின் அவர் புத்தகத்தைத் தேடிப் போனார். ஹெமிங்வே போன்ற மேனாட்டு ஆசிரியர்களை அங்கேதான் படித்தார்.

அவருடைய மனைவி பிரசவத்தில் மறைந்தார், குழந்தையும் தங்கவில்லை. போர் முடிந்து 1946இல் தாயகம் திரும்பினார். மதுரையில் தினத்தந்தி நாளிதழில் வேலை. தங்குவதற்கு ஒரு விடுதி அறை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. வெளியே பார்த்தால் ஆரவாரமில்லாத வாழ்க்கை.

அந்த அமைதிக்குள்ளேதான் இரண்டு நாவல்கள் பிறந்தன. ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்த பின்னும் பல ஆண்டுகள் காத்திருந்து, 1972இல்தான் அச்சேறியது. ஜப்பானியர் காலத்து மேடானும் நம் பினாங்கும் அந்த நாவலில் உயிரோடு நடமாடுகின்றன. கடையில் வேலை பார்த்த தமிழன் கண்ட உலகம் தமிழ் இலக்கியத்தில் நிலைத்துவிட்டது.

1997இல் அவர் காலமானார். தம் சேமிப்பை ஏழை மாணவர்களின் கல்விக்கென்றே கொடுத்துச் சென்றார்.

பெற்றோர்களே, நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்கள் கண்டதும் பட்டதும் எத்தனை! அவற்றை எழுத ஆளில்லாவிட்டால் அவர்களோடு அவையும் போய்விடும். எழுத வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டும். ஆகவே, மாலையில் நம் பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தால், “பாடப் புத்தகத்தை எடு” என்று உடனே அதட்ட வேண்டாம். அரைமணி நேரம் படிக்க விடுவோம். முடிந்தால் நாமும் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன கதை, சொல்லு” என்று கேட்போம்.