கடலைக் கடைந்த என்ஜினீயர்
(திருப்பூர்ப் பேச்சு)



கரண்டு நின்றால் பனியன் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் கூலி நிற்கும். இதை நாம் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தேவர்கள் பாற்கடலைக் கடைந்து அமுதம் எடுத்தார்களாம். எந்தக் கடல், எந்த வருஷம் என்றால் பதிலுண்டா? சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் எம். ரவீந்திரனும் அவருடன் உழைத்தவர்களும் கடைந்த கடலுக்கு விலாசமுண்டு: திருவனந்தபுரத்தையடுத்த விழிஞ்ஞம், 1991. கடலுக்குள் காங்கிரீட் அறையொன்றை, நீருக்கடியில் வாய் திறந்திருக்கும்படி நிறுத்தினார்கள். அலை ஏறினால் உள்ளிருக்கும் காற்று வெளியே பாயும். இறங்கினால் காற்று உள்ளே இழுக்கும். கொல்லன் துருத்தி மாதிரிதான். காற்று எப்பக்கம் பாய்ந்தாலும் ஒரே பக்கமாகச் சுழலும் சக்கரம் மின்சாரம் தந்தது. அதன் திறன் 150 கிலோவாட். பிற்பாடு அதைக்கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள்.

ஆனால், அலை இன்றுபோல் நாளையில்லை, செலவும் அதிகம். நிலையம் நின்றுபோயிற்று. "தோற்றான் பார்!" என்று சிரிப்பவர்களைக் கேட்கிறோம்: அளந்ததால்தானே குறை தெரிந்தது? அமுதத்தை அளந்தவர் யார்?

ரவீந்திரன் ஓய்ந்துவிடவில்லை. 1993-இல் சென்னையில் ஏற்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். குறை தெரிந்த இடத்தில்தான் அடுத்த என்ஜினீயரின் வேலை ஆரம்பம். அவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகக்கூடாதா? ஆணோ பெண்ணோ, பாதிப் படிப்பில் பனியன் கம்பெனிக்கு அனுப்பாதீர்கள் என்பதே நாம் கேட்டுக்கொள்வது.